லயத்துச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள்: தோட்டத் தொழிலாளிக்குப் பணத் திட்டம், படிப்படியாக

ஐம்பத்தெட்டு வயது முடிகிற அன்று தோட்டத்து ஆபீஸ் வாசலில் ஒரு மாலை, ஒரு சால்வை, பெரும்பாலும் ஒரு சுவர்க்கடிகாரம். போட்டோ எடுத்து முடிந்ததும் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று நடுவில் நிற்கும்: வீட்டை எப்போது காலி செய்கிறீர்கள்? முப்பது வருடம் குடியிருந்த லயத்து வீடு, வேலையோடு வந்தது, வேலையோடு போகும். மற்ற ஊர்க்காரர்களுக்கு ஓய்வு என்றால் சம்பளம் நிற்பது. மலையில் இருப்பவர்களுக்குச் சம்பளமும் கூரையும் ஒரே நாளில் நிற்கின்றன.

நான் கேரளத்தின் பீர்மேடு மலையில் 29 ஆண்டு செக்ரோல், அதாவது தோட்டத்தின் வருகை, கூலிப் பதிவேடு எழுதினேன். இப்போது எல்லைக்குக் கீழே, தமிழ்நாட்டுக் கம்பத்தில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை பக்கமிருந்து குமுளி வழியாக இறங்கி வருகிறவர்கள் மஞ்சள் பையோடு என் திண்ணையில் உட்காருவார்கள். பைக்குள் பி.எஃப். சீட்டு, ஆதார், ரேஷன் கார்டு, எப்போதோ கட்டிய இன்சூரன்ஸ் ரசீது எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அவர்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். வரிசை முக்கியம்; நான்காவது படியை முதலில் செய்தால் பணம் ஒழுகும்.

படி 1: தேதியை எழுதுங்கள்

நாட்காட்டியின் பின்பக்கத்தில் உங்கள் 58-ஆவது பிறந்தநாளை எழுதுங்கள். இன்று 38 வயது என்றால் கையில் இருப்பது 240 சம்பளம். "இன்னும் இருபது வருஷம் இருக்கிறதே" என்று சொல்கிறவர்கள், 240 என்று கேட்டதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அந்த 240-இல் பிள்ளைகள் படிக்கும் காலம், கல்யாணக் காலம், சேர்க்க முடிகிற காலம் எது எது என்று பென்சிலால் கோடு போடுங்கள். சேர்க்க முடிகிற மாதங்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே வரும்.

படி 2: மூன்று மாதக் கணக்கு

இதை நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஒரு நோட்டு, தினமும் ஒரு வரி. ஒரு மாதம் போதாது. கொழுந்து நன்றாக வரும் மாதமும், மழையில் வேலை குறையும் மாதமும், திருவிழா வரும் மாதமும் உள்ளே வர வேண்டும். சம்பளத்துக்கு இடையில் வாங்கும் முன்பணத்தைச் செலவாக எழுதாதீர்கள். அது உங்கள் சம்பளமே. முன்கூட்டி வந்திருக்கிறது, அவ்வளவுதான். இதை இரண்டு தடவை எழுதித்தான் பாதிப் பேர் கணக்கில் குழம்புகிறார்கள்.

படி 3: வட்டியை நிறுத்துங்கள்

நம் பக்கத்தில் வட்டியை "நூற்றுக்கு மூன்று" என்பார்கள். கேட்பதற்கு மூன்று சதவீதம் போல் இருக்கும். அது மாதத்துக்கு, வருடத்துக்கு 36. ஐம்பதாயிரம் வாங்கினால் மாதம் 1,500 ரூபாய் வட்டிக்கே போகும், வருடத்தில் 18,000. அசல் அப்படியே உட்கார்ந்திருக்கும். உலகத்தில் எந்தச் சேமிப்பும் நேர்மையாக 36 சதவீதம் தராது. ஆகவே இந்த நூற்றுக்கு மூன்று வட்டிக் கடனை வைத்துக்கொண்டு தபால் நிலையத்தில் பணம் போடுகிறவர், ஓட்டைக் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மழைநீர் பிடிக்கிறார்.

இதில் நான் அடிக்கடி சண்டை போடும் இடம் ஒன்று உண்டு. பெட்டியில் நான்கு பவுன் நகை இருக்கும். வெளியில் மூன்று வட்டிக் கடன் இருக்கும். "நகையை அடகு வைப்பது கௌரவக் குறைச்சல்" என்பார்கள். வங்கியில் நகைக் கடன் வட்டி வருடத்துக்கு ஒன்பது, பத்து சதவீதத்தையொட்டி இருக்கும்போது, அதே ஐம்பதாயிரத்துக்கு மாதம் நானூறு ரூபாய் சில்லறைதான் ஆகும். நகையை வங்கியில் வைத்து மூன்று வட்டிக்காரரை அனுப்பிவிடுங்கள். மிச்சமாகும் ஆயிரத்து நூறை மாதாமாதம் அசலில் கட்டி நகையை மீட்டுவிடலாம். கட்டாமல் விட்டால் ஏலம் போகும்; ஆகவே அடகுச் சீட்டில் தவணை முடியும் தேதியைப் பெரிதாக எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்.

குழுக் கடன் வேறு கதை. வாராவாரம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் மற்ற பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிப்படி, மைக்ரோ ஃபைனான்ஸ் வாங்கும் குடும்பத்தின் மொத்தக் கடன் தவணையும் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடன் கொடுப்பவர் அதைப் பார்க்க வேண்டும். அவர் பார்க்காவிட்டாலும் நீங்கள் பாருங்கள். என் கணக்கில் பாதி என்பதே அதிகம். கால் பங்கைத் தாண்டினால் வீட்டில் பால் நிற்கத் தொடங்கிவிடும்.

படி 4: மூன்று மாதச் சாப்பாட்டுப் பணம்

கடன் ஒழிந்த பிறகு, அல்லது மூன்று வட்டிக் கடனாவது ஒழிந்த பிறகு, மூன்று மாதச் செலவைத் தனியாக வையுங்கள். மலையில் ஆறு மாதம் என்றால் இன்னும் நல்லது. பீர்மேடு பகுதியில் 2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை விழுந்தபோது பல தோட்டங்கள் பூட்டப்பட்டன. பூட்டிய தோட்டத்தில் குடியிருந்தவர்களுக்குச் சம்பளமும் இல்லை, நிலுவையும் வரவில்லை. இறங்கிப் போகவும் முடியவில்லை. அதைப் பார்த்தவன் என்பதால் இந்தப் படியில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எங்கே வைப்பது? தேசிய வங்கியிலோ தபால் நிலையத்திலோ. வங்கி டெபாசிட்டுக்கு 2020 பிப்ரவரியிலிருந்து ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு அந்தக் காப்பீடு இல்லை. பெயர்ப்பலகையில் "பேங்க்" என்று எழுதியிருந்தாலும் இல்லை. வட்டி அரைச் சதவீதம் கூட என்பதற்காக மொத்தப் பணத்தையும் அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள்.

படி 5: 456 ரூபாய்

வருடத்துக்கு 436 ரூபாயில் பிரதமர் ஜீவன் ஜோதி; 18 முதல் 50 வயது வரை சேரலாம், எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். வருடத்துக்கு 20 ரூபாயில் சுரக்ஷா விபத்துக் காப்பீடு, 70 வயது வரை. இரண்டும் வங்கிக் கணக்கிலிருந்து மே மாதக் கடைசியில் தானாகப் பிடிக்கப்படும். அன்று கணக்கில் பணம் இல்லையென்றால் காப்பீடு அறுந்துவிடும். அதிகாலையில் கம்பத்திலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கம்பம்மெட்டு ஏறும் ஏலத்தோட்டப் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இருபது ரூபாய் நினைவுக்கு வரும்.

மருத்துவ அட்டை விஷயத்தில் எல்லைக்காரர்களுக்குத் தனிச் சிக்கல். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு, ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு. கேரளத்தில் காருண்யா சுகாதாரப் பாதுகாப்புத் திட்டம். இரண்டிலும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. இரண்டும் ரேஷன் கார்டைப் பார்ப்பவை, ஒரு குடும்பத்துக்கு ஒரு கார்டுதான் சட்டப்படி. அந்தக் காலத்தில் கீழே ஒன்று, மேலே ஒன்று வைத்திருந்தார்கள்; ஆதார் இணைத்த பிறகு அது நடக்காது, மாட்டினால் இரண்டும் போகும். எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நெஞ்சு வலித்தால் ஜீப் எந்தப் பக்கம் போகும்? தேனி மருத்துவக் கல்லூரிக்கா, கோட்டயத்துக்கா? கார்டும் அந்தப் பக்கம் இருக்கட்டும். 70 வயது கடந்த பெற்றோர் இருந்தால், 2024 அக்டோபர் முதல் வருமானம் பாராமல் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை உண்டு. அதையும் கேட்டு வாங்குங்கள்.

படி 6: பி.எஃப். பெயர்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

போன மாதம் ஓர் அக்கா வந்தார். ஓய்வு பெற்றுப் பதினான்கு மாதம் ஆகிறது, பென்ஷன் வரவில்லை. பையைக் கவிழ்த்துத் திண்ணையில் பரப்பினோம். பி.எஃப். ஏட்டில் "மாரியம்மா". ஆதாரில் "மாரியம்மாள்", கூடவே கணவர் பெயரின் முதலெழுத்து. வங்கிப் புத்தகத்தில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து. பிறந்த தேதி ஒன்றில் ஜூலை 1, இன்னொன்றில் ஜனவரி 1. வேலைக்குச் சேர்த்த அன்று எவரோ குத்துமதிப்பாக எழுதியது. அவர் 31 ஆண்டு கொழுந்து பறித்தார் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. மூன்று தாள்களும் ஒரே பெண்ணைச் சொல்கின்றன என்பதைத்தான் நிரூபிக்க முடியவில்லை. செக்ரோல் எழுதியவன் என்ற முறையில், இப்படி எத்தனை பெயர்களை நானே மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும்போது சிதைத்திருப்பேன் என்று அன்று இரவு யோசித்தேன்.

ஆகவே, வேலையில் இருக்கும்போதே: யு.ஏ.என். எண்ணை, அதாவது எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்ணை, ஆபீஸில் கேட்டு வாங்குங்கள். ஆதார், பி.எஃப்., வங்கி மூன்றிலும் பெயர், பிறந்த தேதி, தகப்பனார் அல்லது கணவர் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். ஒத்துப் போகாவிட்டால் முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழிப் படிவத்தால் திருத்தலாம். தோட்டம் நடந்துகொண்டிருக்கும்போது இது ஒரு கையெழுத்து வேலை. தோட்டம் கைமாறிய பிறகோ பூட்டிய பிறகோ இதே கையெழுத்துக்கு வருடக்கணக்கில் அலைய வேண்டும். நாமினி பெயரையும் அதே நாளில் ஏற்றுங்கள். கல்யாணத்துக்கு முன் சேர்ந்தவர்களுக்கு இன்னும் அம்மா பெயரே இருக்கும்.

இனிக் கணக்கு. உதாரணத்துக்கு நாள் கூலி 480, மாதம் 26 நாள் என்று வைத்தால் 12,480 ரூபாய். உங்களிடம் 12 சதவீதம் பிடிப்பார்கள், ஏறக்குறைய 1,498. முதலாளியும் அதே அளவு போடுவார், ஆனால் அதில் 8.33 சதவீதம் பென்ஷன் பக்கம் போய்விடும், மீதி 3.67 மட்டும் உங்கள் பி.எஃப். கணக்கில் சேரும். 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம். ஏழைத் தொழிலாளியின் கைக்கு எட்டும் சேமிப்பில் இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. அதைத்தான் காதுகுத்துக்கும் சடங்குக்கும் எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள். முடிந்தால் 12-க்கு மேல் 2, 3 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லி ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். அதற்கும் அதே வட்டி.

பென்ஷன் கணக்கு வேறு: கடைசி ஐந்து ஆண்டு சராசரிச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 12,000 சம்பளம், 18 ஆண்டு சேவை என்றால் மாதம் 3,085. குறைந்தபட்சம் 10 ஆண்டு சேவை வேண்டும். குறைந்தபட்சப் பென்ஷன் 1,000. விலைவாசி ஏறினாலும் இந்தத் தொகை ஏறாது. 58 வயதில் வந்த அதே மூவாயிரம் 75 வயதிலும் வரும்.

கல்யாணமாகி வேறு தோட்டத்துக்குப் போகும் பெண்கள் ஏழெட்டு வருடச் சேவையின் பென்ஷன் பணத்தை எடுத்துவிடுகிறார்கள். எடுத்தால் அந்த ஆண்டுகள் அழிந்தன. எடுக்காமல், பழைய சேவையைக் காட்டும் திட்டச் சான்றிதழைப் பி.எஃப். ஆபீஸில் வாங்கினாலோ, அதே யு.ஏ.என்.-இல் புதிய தோட்டத்தில் தொடர்ந்தாலோ, பழைய ஆண்டுகள் கூட வரும்.

பி.எஃப். இல்லாத ஏலத்தோட்டத் தினக்கூலிகளுக்கு 2019-இல் தொடங்கிய பிரதமர் ஷ்ரம் யோகி மான்தன் இருக்கிறது. 18 முதல் 40 வயதுக்குள் சேர வேண்டும். மாத வருமானம் 15,000-க்குள் இருக்க வேண்டும். வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் கட்டினால் அரசும் அதே அளவு போடும். 60-இல் மாதம் 3,000. அடல் பென்ஷனில் 5,000 வரை வரும். 18 வயதில் சேர்ந்தால் மாதம் 210 கட்டுகிற இடத்தில் 30 வயதில் 577, 40-இல் 1,454. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால், முப்பது ஆண்டு கழித்து வரும் அந்த 5,000 இன்றைய 870 ரூபாய் அளவுக்குத்தான் வாங்கும். சேருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

படி 7: கிராஜுவிட்டி கைக்கு வந்த பிறகுதான் பணம்

கிராஜுவிட்டி என்பது வேலையை விடும்போது தோட்டம் தரும் பணிக்கொடை; ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் 15 நாள் கூலி. 480 ரூபாய் கூலி, 32 ஆண்டு: 7,200 பெருக்கல் 32, ஆக 2,30,400. இந்தத் தொகையை வைத்து ஐந்து வருடம் முன்பே கடன் வாங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மலையில் கிராஜுவிட்டி சில இடங்களில் மாதத்தில் வரும், சில இடங்களில் வருடங்கள் ஆகும். வரும் வரை சாவியைக் கொடுக்காமல் லயத்திலேயே இருப்பவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வந்த பணம் மகன் கையில் ஆட்டோவாகவும் மருமகன் கையில் கடையாகவும் மாறுவதற்கு முன், தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஏற்றுங்கள். 60 வயது வேண்டும் என்பார்கள். ஓய்வு பெற்றவர்கள் 55-க்கு மேல், ஓய்வுப் பணம் வந்த மூன்று மாதத்துக்குள் போட்டால் சேரலாம். இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம். பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் சேர்த்து 5 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,250 வரும். "தபால் ஆபீஸில் மாட்டிக்கொண்டது, ஐந்து வருடம் எடுக்க முடியாது" என்று மருமகனிடம் சொல்லலாம். அபராதம் கட்டி எடுக்கலாம் என்பதை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை.

படி 8: சீட்டு, குறி, தங்கம், மற்றவை

நாம் சீட்டு என்பதை மலையாளிகள் குறி என்றும் சிட்டி என்றும் சொல்கிறார்கள். 1969-இல் திருச்சூரில் தொடங்கிய கேரள அரசின் கே.எஸ்.எஃப்.இ. குறி நடத்துகிறது, எல்லையில் பலர் அதில்தான் வீடு கட்டினார்கள். தனியார் சீட்டு என்றால் 1982 சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவான எண் கேளுங்கள். எண்ணைக் கேட்டதும் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதம் வரை போகலாம் என்பதால், சீட்டைச் சேமிப்பாக எண்ணாமல், வீட்டுக் கூரைக்கோ கல்லூரிக் கட்டணத்துக்கோ தேதி குறித்துப் பணம் திரட்டும் வழியாக எண்ணுங்கள். தீபாவளிச் சீட்டு பற்றி எழுதினால் என் பழைய நண்பர்கள் கோபிப்பார்கள், விட்டுவிடுகிறேன்.

பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் கணக்கு, ஆண்டுக்கு 250 ரூபாயிலிருந்து, இப்போது 8.2 சதவீதம். யார் வேண்டுமானாலும் தொடங்கக்கூடிய பொது வருங்கால வைப்பு நிதியான பி.பி.எஃப். 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதத்தில் நிற்கிறது; மாதம் 1,000 பதினைந்து வருடம் போட்டால் ஏறக்குறைய 3.15 லட்சம். பரஸ்பர நிதியில் மாதாமாதம் கட்டும் எஸ்.ஐ.பி. போடலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். முந்தைய படிகள் முடிந்திருந்தால், பதினைந்து வருடம் தொடமாட்டேன் என்றால், போடலாம். ஏலக்காய் ஏலத்தில் 2019-இல் கிலோ 7,000 ரூபாய் வரை தொட்டதையும் பிறகு இரண்டே ஆண்டில் எங்கே விழுந்தது என்பதையும் பார்த்த ஊர்க்காரர்களுக்கு ஏற்ற இறக்கம் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

தங்கம் வாங்குங்கள், அளவோடு. செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. மூன்றும் விற்கிற அன்று திரும்பி வராது. நகைக்கடையில் கட்டும் பதினோரு மாதச் சீட்டுக்கு வங்கிக் காப்பீடும் கிடையாது.

படி 9: கூரை எந்தப் பக்கம்

40 வயதுக்குள் மனை, 50-க்குள் அஸ்திவாரம் என்பது என் கணக்கு. கம்பம், உத்தமபாளையம் பக்கம் வாங்கினால் மூலப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கம், பட்டா, மனைக்கு அங்கீகார எண். மேலே கேரளத்து இடுக்கியில் வாங்கினால் முன்னாதாரம் (முந்தைய பத்திரம்), வில்லேஜ் ஆபீஸில் கரம் அடைத்த (நிலவரி கட்டிய) ரசீது, பட்டயம் (அரசு கொடுத்த நில உரிமைத் தாள்), போக்குவரவு. கடைசிச் சொல் நம் காதுக்குப் பஸ் விஷயம் போலக் கேட்கும். பட்டா மாறுதல் என்று பொருள். ஏலமலைக் காட்டுப் பகுதியில் பட்டயம் இல்லாத நிலம் மலிவாகக் கிடைக்கும். வங்கி அதைத் தொடாது, உங்கள் பிள்ளைகளும் விற்க முடியாமல் திண்டாடுவார்கள். பட்டயம் இருந்தாலும் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று படித்துப் பாருங்கள். இரு பக்கத்திலும் முத்திரை, பதிவு என்று நிலத்தின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு வரை போய்விடும். அதை மறந்து முன்பணம் கொடுத்தவர்கள்தான் மறுநாள் மூன்று வட்டிக்கு ஓடுகிறார்கள்.

படி 10: தகரப் பெட்டி

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. எழுபது பேர். தப்பியவர்களிடம் ஆதாரும் இல்லை, பாஸ்புக்கும் இல்லை. அதற்குப் பிறகு நான் எல்லோரிடமும் சொல்வது: எல்லாத் தாள்களையும் போனில் படமெடுத்து, தாள்களைச் சேமிக்கும் அரசுச் செயலியான டிஜிலாக்கரில் ஏற்றுங்கள்; ஒரு செட் ஜெராக்ஸ் கீழே உறவினர் வீட்டில் இருக்கட்டும். வங்கிக் கணக்கில் இப்போது நான்கு நாமினி வரை எழுதலாம். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கொடுப்பவர். வாரிசுகளின் பங்கு அதனால் மாறாது. ஆகவே இரண்டு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஒரு வெள்ளைத் தாளில் உயில் எழுதி இரண்டு சாட்சிகள் கையெழுத்திடட்டும். முத்திரைத் தாள் தேவையில்லை. இறந்த தகப்பனார் பெயரில் பழைய டெபாசிட் இருந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், ரிசர்வ் வங்கி 2023-இல் தொடங்கிய உத்கம் தளத்தில் தேடலாம்.

அந்த அக்காவின் கோப்பு இன்னும் முடியவில்லை. கூட்டு உறுதிமொழியில் ஆபீஸ் கையெழுத்து வந்துவிட்டது. பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்று இல்லை, அவர் பள்ளிக்கே போகவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆதாரின் முதல் அட்டையையும், கணவரின் பழைய ரேஷன் கார்டையும், மூன்று போட்டோக்களையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். சுவர்க்கடிகாரத்தை அவர் இன்னும் மாட்டவில்லையாம். ஆணி அடிக்க அந்தச் சுவர் தன்னுடையதில்லை என்கிறார்.